சிறுவர் உதைபந்தாட்டமும் தொண்டர்க்குரிய நன்றியும்

ஓர் ஆட்டம் முடிந்தபின் அதன் வரலாறாக எஞ்சுவன மிகச் சிலவே. வென்ற அணியின் பெயர் கேடயத்திற் பொறிக்கப்படுகின்றது. கோல் அடித்தவனின் பெயர் நண்பர் நாவிலே சில காலம் வழங்குகின்றது. திடலிற் கோடு வரைந்தவர் யார், சிறுவரைக் கூட்டி ஆட்டம் பழக்கியவர் யார், ஊதுகுழலுடன் ஓடித் தீர்ப்புச் சொன்னவர் யார் என்பனவற்றை எவரும் எழுதிவைப்பதில்லை. முதிர்ந்தோர் ஆடும் பெரும் போட்டிகளில் இவ்வினைகளுக்கு ஊதியம் உண்டு. அங்கே நன்றி கிடையாவிடினும் கூலியேனும் கிடைக்கும். சிறுவர் ஆட்டத்திலோ நிலைமை வேறு. அங்கு இவ்வினைகளைச் செய்வோரிற் பெரும்பாலார் கைம்மாறு கருதாத தொண்டர். கூலி இல்லாத இடத்தில் நன்றியும் இல்லாதொழியின் தொண்டு எத்துணைக் காலம் நிலைக்கும் என்பது ஆராயத்தக்க வினாவாகும். இவ்வினாவைப் பல்லாண்டுகளாக எதிர்நோக்கிவரும் நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா ஒன்று. ஆங்கு நடைபெறும் சிறுவர் உதைபந்தாட்டத்தின் அமைப்பையும், அதில் தொண்டர்க்கு மதிப்பளிக்கும் முறைகளையும் நோக்குதல் பயன்தரும்.

அமெரிக்காவில் 'புட்போல்' என்னும் பெயர் வேறோர் ஆட்டத்துக்கு வழங்குதலின், உதைபந்தாட்டத்தை அந்நாட்டினர் 'சொக்கர்' என்பர். இச்சொல் அமெரிக்காவிற் பிறந்ததன்று. 'அசோசியேசன் புட்போல்' என்னும் பெயரின் முதற் சொல்லை இங்கிலாந்து மாணவர் சுருக்கித் திரித்து வழங்கியதன் விளைவே அது. 1964ஆம் ஆண்டிலே கலிபோர்னியா மாநிலத்து டொரன்ஸ் நகரில் ஒன்பது அணிகளுடன் அமெரிக்க இளைஞர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கப்பெற்றது. 1971ஆம் ஆண்டில் அது சிறுமியர்க்கும் ஆட்டங்களை ஒழுங்குசெய்யத் தொடங்கிற்று. நாளடைவில் நாடெங்கும் பரந்த அக்கழகத்தின் கோட்பாடுகளுள் இரண்டு சிறப்பாக அறியத்தக்கன. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரமாவது ஆடவேண்டும் என்பது ஒன்று. திறமை மிக்கோர் ஓரணியிலே குவியாவண்ணம் அணிகளைச் சமன்செய்து வகுக்கவேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரு கோட்பாடுகளும் கேட்பதற்கு எளியன, நடத்துவதற்கு அரியன. அணிகளைச் சமன்செய்ய வேண்டுமாயின் ஒவ்வொரு பிள்ளையின் ஆற்றலையும் மதிப்பிட்டுப் பெயர்ப்பட்டியல்களை மீண்டும் மீண்டும் மாற்றியமைக்கும் பொறுமை ஒருவருக்கு வேண்டும். யாவரும் பாதி நேரம் ஆடவேண்டுமாயின், வெற்றி கைக்கெட்டும் தறுவாயிலும் திறமை குறைந்த சிறுவனைத் திடலில் நிறுத்தும் மனவுறுதி பயிற்றுநருக்கு வேண்டும். இவற்றைச் செய்வோர் சம்பளம் பெறும் அலுவலர் அல்லர். வாரநாட்களிலே தத்தம் தொழிலைப் பார்த்து, மாலையிற் பயிற்சியளித்து, சனிக்கிழமை விடியலில் வலைகளைக் கட்டிக் கொடிகளை நட்டுப் பிள்ளைகளை எதிர்நோக்கி நிற்கும் தாய்தந்தையரே இக்கழகத்தின் பயிற்றுநர், அவர்களே நடுவர், அவர்களே ஒழுங்கமைப்பாளர்.

இம்மூவகைத் தொண்டருள் ஒழுங்கமைப்பாளரின் பணி கண்ணுக்குப் புலப்படாதது. திடலை நகரசபையிடம் கேட்டுப் பெறுதல், பதிவுகளைக் காத்தல், ஆட்ட அட்டவணை வகுத்தல் முதலியன செவ்வனே நடைபெறும்வரை அவற்றை எவரும் நினைப்பதில்லை, தவறியவிடத்தே நினைப்பர்.

பயிற்றுநரின் பணியோ நாளுக்கு நாள் கல்வியை வேண்டிநிற்பது. சிறுவனைச் சிறிய உருவுடைய முதியோனாகக் கருதி முழுத்திடலில் ஓடவிட்ட காலம் கழிந்தது. அமெரிக்காவில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் அணிக்கு நால்வராகவும், ஒன்பது, பத்து வயதினர் எழுவராகவும், பதினொன்று, பன்னிரண்டு வயதினர் ஒன்பதின்மராகவும் ஆடும் முறை 2017ஆம் ஆண்டில் எங்கணும் விதியாயிற்று. அணி சிறிதாயின் ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து பலமுறை படும் என்பதே இதன் கருத்து. தலையால் முட்டுவதனால் மூளைக்கு ஊறு நேரலாம் என்ற அச்சத்தால், பத்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுடைய பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டலாகாது என 2015ஆம் ஆண்டில் அந்நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனம் அறிவித்தது. இவற்றையெல்லாம் அறிந்து, பிள்ளையின் உடல்நலத்துக்கும் பொறுப்பேற்று நிற்பவரை 'மாலையிற் பந்து எறிபவர்' என்று எண்ணுதல் பேதைமை.

இனி நடுவரை நோக்குவோம். 1863ஆம் ஆண்டிலே இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் முதல் விதிகளை வகுத்தபோது அவற்றுள் நடுவர் என்னும் ஒருவருக்கு இடமிருக்கவில்லை. கனவான்கள் ஆடும் ஆட்டத்தில் பிணக்குத் தோன்றின் அணித்தலைவர் இருவரும் பேசித் தீர்ப்பர் என்பது அக்கால நம்பிக்கை. அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. அணிக்கு ஒருவராக இரு தீர்ப்பாளர் அமைக்கப்பட்டனர். அவ்விருவரும் தத்தம் அணியின் பக்கமே சாய்ந்தமையால், அவர்கள் ஒத்துக்கொள்ளாதவற்றை முடிவுக்கு விடுதற்கென மூன்றாம் ஒருவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டார். பிணக்கு எவரிடம் விடப்படுகின்றதோ அவர் என்பதே 'ரெபரி' என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள். 1891ஆம் ஆண்டிலே அம்மூன்றாமவர் திடலுக்குள் அழைக்கப்பட்டு முழு அதிகாரமும் பெற்றார். பழைய தீர்ப்பாளர் இருவரும் எல்லைக்கோட்டுக்குச் சென்றனர். தண்ட உதை விதியும் அவ்வாண்டிலேயே தோன்றிற்று. தமிழில் வழங்கும் நடுவர் என்னும் பெயர் சொல்லளவில் மட்டுமன்றி இடத்தளவிலும் பொருந்துவதாயிற்று அந்நாள் முதலே எனலாம்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. நடுவர் ஆட்டத்தின்மேல் வெளியிலிருந்து சுமத்தப்பட்டவர் அல்லர். தம் கண்ணைத் தாமே நம்ப இயலாது என்பதை ஆடுவோர் அனுபவத்தால் உணர்ந்து வேண்டி அழைத்தவர் அவர். ஆட்டத்தில் நிகழ்ந்தவை பற்றி அவர் கூறும் முடிவே இறுதியானது என இன்றும் விதி கூறுகின்றது. அவர் தவறார் என்பது இதன் பொருளன்று. தவறக்கூடிய ஒரு மனிதரின் முடிவை ஏற்றுக்கொள்வதற்கு இருசாராரும் ஆட்டம் தொடங்குமுன்னரே உடன்பட்டுள்ளனர் என்பதே பொருள்.

நடுவர்க்கு இக்காலத்தில் அடையாளமாய் விளங்கும் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் ஒரு பள்ளியாசிரியரின் சிந்தையில் உதித்தவை என்பது ஆசிரியர் உலகம் மகிழத்தக்க செய்தி. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், வெம்பிளித் திடலிலே இங்கிலாந்தும் ஆர்ஜென்ரீனாவும் மோதின. ஆர்ஜென்ரீனா அணித்தலைவர் ரட்டீனை ஜெர்மனிய நடுவர் கிரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காமையால் ரட்டீன் நெடுநேரம் திடலைவிட்டு நீங்கவில்லை. அவ்வாட்டத்தில் இங்கிலாந்து வீரர் இருவர் எச்சரிக்கப்பட்டமை அவர்களுக்கே தெரியாதிருந்தது. அப்போட்டியின் நடுவர்களுக்குப் பொறுப்பாயிருந்த கென் அஸ்டன் என்பவர் இங்கிலாந்திலே பள்ளித் தலைமையாசிரியராகவும் விளங்கியவர். அவர் வீடு திரும்பும் வழியில் வீதிச் சந்தியில் மஞ்சளும் சிவப்புமாய் மாறிய விளக்குகளைக் கண்டார். எம்மொழியினர்க்கும் விளங்கும் அறிவிப்பு இதுவன்றோ என அவருக்குத் தோன்றிற்று. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அட்டைகள் முதன்முதல் கையாளப்பட்டன.

அஸ்டனின் வாழ்வில் ஈண்டு கருதத்தக்க பகுதி அதற்குப் பின்னையது. உலகப் பெருமை பெற்ற அவர், கலிபோர்னியாவில் தோன்றிய சிறுவர் கழகத்தின் தொண்டர்களுக்கு நடுவர் கலை கற்பிக்கும் தலைமைப் போதகராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 2001ஆம் ஆண்டில் அவர் காலமானார். உலகக் கிண்ண ஆட்டத்தை நடத்தியவர், பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை நடத்தவிருக்கும் கடைக்காரரையும் தாதியரையும் எதிரிலிருத்தி விதிகளை விளக்கினார். தொண்டருக்குச் செய்யும் மதிப்புகளுள் தலையாயது எது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. ஒருவரின் பணியைக் கற்பிக்கத்தக்க கலையாகக் கருதுதலே அவரை மதித்தலாகும்.

எனினும் நடைமுறையில் நடுவர் பெறுவது பெரும்பாலும் மதிப்பன்று, வசையே. அமெரிக்காவிலே பதின்மூன்று வயது நிறைந்தோர் அடிப்படை நடுவர் தகுதியைப் பெறலாம். ஆகவே, எட்டு வயதுச் சிறுவரின் ஆட்டத்தை நடத்துபவர் பலவிடத்தும் பள்ளி மாணவனோ மாணவியோ ஆவர். தன் பிள்ளை வீழ்ந்தவுடன் எல்லைக்கோட்டில் நின்று கூவும் தந்தை, தான் ஏசுவது வேறொருவரின் பிள்ளையையே என்பதை அவ்வேளையில் மறந்துவிடுகின்றார். அவ்வாறு ஏசப்பட்ட இளைஞன் ஒரு பருவம் பொறுப்பான். மறு பருவத்தில் ஊதுகுழலை மேசை அறையில் வைத்துவிட்டு வேறு பொழுதுபோக்கை நாடுவான். அனுபவம் முதிருமுன்னரே நடுவர் விலகுவதால் அனுபவமற்றவரே மீண்டும் மீண்டும் திடலுக்கு வருகின்றனர். அவர் தவறு செய்ய, வசையும் பெருகுகின்றது.

வசை சொல்லளவில் நில்லாத காலமும் உண்டு. 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நெதர்லாந்தின் அல்மேரே நகரிலே, தன் மகன் ஆடிய அணிக்காக எல்லைக்கோட்டிற் கொடி பிடித்து நின்ற தந்தை ஒருவரை, ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர் தாக்கினர். மறுநாள் அவர் உயிர் நீத்தார். அதனையடுத்த வார இறுதியில் அந்நாட்டில் ஊதியமின்றி ஆடுவோரின் ஆட்டங்கள் யாவும் நிறுத்தப்பட்டன. 2013ஆம் ஆண்டில் இளைஞர் அறுவரும் அவர்களுள் ஒருவனின் தந்தையும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மஞ்சள் அட்டை காட்டிய நடுவரைப் பதினேழு வயது வீரன் ஒருவன் முகத்திற் குத்தினான். ஒரு வாரம் நினைவிழந்து கிடந்து அந்நடுவர் இறந்தார். மொழி விளங்காமையைத் தீர்த்த அட்டையால் மனம் அடங்காமையைத் தீர்க்க இயலவில்லை. மகனின் ஆட்டத்துக்குத் துணைசெய்யச் சென்ற ஒருவர் வீடு திரும்பாத நிலை தோன்றிய பின்னர், தொண்டரை மதித்தல் என்பது ஆண்டிறுதி உபசாரம் மட்டும் அன்று என்பது வெளிப்படை.

ஆண்டிறுதி உபசாரத்தையும் இகழ்தல் கூடாது. அமெரிக்க இளைஞர் உதைபந்தாட்ட நிறுவனங்கள் சிறந்த பயிற்றுநர், சிறந்த தொண்டர், சிறந்த இளம் நடுவர் என ஆண்டுதோறும் சிலரைத் தெரிந்து பரிசளிக்கின்றன. பிள்ளைகள் தம் கையால் எழுதிய நன்றிக் கடிதத்தைப் பல்லாண்டு பேணிவைத்திருக்கும் பயிற்றுநர் எங்குமுளர். ஆயின், பரிசு பெறுவோர் ஒரு சிலரே. பணி செய்வோர் பலர். பருவம் முழுதும் ஏச்சைக் கேட்ட ஒருவருக்கு முடிவில் ஒரு பதக்கத்தை அணிவித்தல், வெயிலில் நிறுத்திவைத்தவருக்கு மாலையிலே குடை கொடுப்பதை ஒக்கும்.

ஆகலின் வேறு வகை மதிப்புகளும் தோன்றலாயின. சட்டம் செய்யும் மதிப்பு ஒருவகை. இலாபநோக்கற்ற நிறுவனத்தில் நல்லெண்ணத்துடன் பணிபுரியும் தொண்டர், சாதாரண கவனக்குறைவால் நேர்ந்த தீங்குக்காகத் தம் சொத்தை இழத்தலாகாது எனப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை அமெரிக்கப் பேரவை 1997ஆம் ஆண்டில் இயற்றியது. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் பாரதூரமான அசட்டைக்கும் அச்சட்டம் துணைசெய்யாது. 2018ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றி அறியவரும் விளையாட்டுப் பொறுப்பாளர் அதனை உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் எனக் கட்டாயப்படுத்துகின்றது. தொண்டர் என்ற பெயர் ஒன்றே ஒருவரைச் சோதனையினின்று விலக்காது. தொண்டராக வருவோரின் முன்வரலாற்றை ஆராய்ந்த பின்னரே பிள்ளைகளை ஒப்படைத்தல், நல்ல தொண்டர்க்கு இழிவன்று; அவர்மேல் ஐயம் படராமற் காக்கும் அரணேயாம்.

திடலில் அமைதியை நிலைநாட்டுதல் மற்றொருவகை மதிப்பு. 1999ஆம் ஆண்டிலே ஒகையோ மாநிலத்தின் வடபகுதிச் சிறுமியர் போட்டிகளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரும் பயிற்றுநரும் வாய்திறவாது ஆட்டத்தைக் காணவேண்டும் என ஒழுங்குசெய்யப்பட்டது. பின்னர் இத்தகைய 'மௌன நாள்' வேறிடங்களிலும் பரவிற்று. பெற்றோரின் வாய்க்கு வேலை கொடுப்பதற்கென இனிப்புக் குச்சிகளை வழங்கிய இடங்களும் உண்டு. வேடிக்கைபோலத் தோன்றினும் இதன் படிப்பினை ஆழமானது. பெரியோர் அடங்கிய திடலிலேதான் பிள்ளைகளின் குரல் கேட்கும். இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் 2008ஆம் ஆண்டில் 'மதிப்பு' என்னும் பெயரால் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. பார்வையாளர் நிற்பதற்குத் தனி எல்லை வகுத்தலும், நடுவரிடம் அணித்தலைவரே பேசவேண்டும் என்னும் ஒழுங்கும் அதன் பகுதிகள். 2019ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்திலிருந்து, அடிமட்டப் போட்டிகளில் நடுவரை எதிர்த்து வாதாடும் வீரன் சில நிமிடம் திடலைவிட்டு வெளியே நிற்கவேண்டும் என்ற விதியும் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கச் சம்மேளனம் நடுவரை வைதலுக்கும் தாக்குதலுக்கும் உரிய தண்டனைகளைத் தரம்பிரித்துக் கூறும் கொள்கையை 2025ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. பாதிக்கப்பட்டவர் வயது நிறையாத நடுவராயின் தண்டனை கடுமையாகும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். நடுவருக்கு நன்றி பாராட்டுதல் அவருடைய நடுவுநிலைமையைக் கெடுக்காதா? சிறுவர் கழகங்களில் நடுவராக வருபவர் அயல்வீட்டவர். அவருடைய பிள்ளையும் அங்கேயே ஆடுவதுண்டு. அவர் பிள்ளைக்குப் பயிற்சியளித்தவரே எதிரில் அணிநடத்தி நிற்றலும் கூடும். இச்சிக்கலைத் திருவள்ளுவர் நன்குணர்ந்திருந்தார் போலும். செய்ந்நன்றியறிதலைப் பதினோராம் அதிகாரமாக அமைத்து, அதனையடுத்து நடுவுநிலைமையை வைத்தார். நன்றி செய்தவரை நினைக்குமிடத்து நடுவுநிலைமை தளரக்கூடும் என்பதாலும், அவ்விடத்தும் அது தளரலாகாது என்பதாலும் இவ்வைப்புமுறை அமைந்தது எனப் பரிமேலழகர் காரணம் காட்டுவர். நடுவுநிலைமைக்கு அடுத்தது அடக்கமுடைமை; செய்ந்நன்றியறிதலுக்கு முன்னையது இனியவைகூறல். நான்கு அதிகாரங்களும் வரிசையாக நின்று விளையாட்டுத் திடலுக்கே வகுத்தனபோல் விளங்குகின்றன.

இவ்வைப்புமுறையிலிருந்து ஈண்டு பெறத்தக்க தெளிவு யாதெனில், நடுவருக்குரிய நன்றி அவர் தந்த தீர்ப்புக்கு உரியதன்று. அவர் அங்கு நின்றமைக்கு உரியது. நமக்குச் சார்பாகத் தீர்த்தவருக்கு மட்டும் நன்றி கூறுதல் நன்றியன்று, கைக்கூலியின் மெல்லிய வடிவம். நமக்கு மாறாகத் தீர்த்தவருக்கும் கைகொடுத்து நன்றி கூறுதலே மெய்யான மதிப்பு. ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணியும் வென்ற அணியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று நடுவரின் கையைக் குலுக்கும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே. அவ்வேளையிலே தோற்ற சிறுவனின் கண்ணில் நீர் இருக்கலாம். தண்ட உதை கொடுத்தது தவறென அவன் எண்ணியிருக்கலாம். எனினும் கையை நீட்டுகின்றான். அவன் அன்று கற்ற பாடம் உதைபந்தாட்டத்தைவிடப் பெரிது. நாளை ஒரு நீதிமன்றத்திலோ சபையிலோ தனக்கு மாறான முடிவு வரும்போது அதனை ஏற்று நிற்கும் குடிமகன் அத்திடலிலே உருவாகின்றான்.

தொண்டரை மதித்தல் மூன்று படிகளையுடையது எனத் தொகுத்துக் கூறலாம். அவர் பணியைக் கற்பித்து உயர்த்துதல் முதற்படி. பணிபுரியும் வேளையில் அவரை வசையினின்றும் தீங்கினின்றும் காத்தல் இரண்டாம் படி. பணி முடிந்தபின் பலரறியப் பாராட்டுதல் மூன்றாம் படி. முதலிரண்டையும் விடுத்து மூன்றாவதை மட்டும் செய்யும் கழகங்கள், பரிசளிப்பு விழாவிற் பலரைப் பாராட்டியும் அடுத்த பருவத்துக்கு ஆளின்றித் தவிக்கும். முதலிரண்டையும் செவ்வனே செய்யும் கழகங்கள் மூன்றாவதில் எளிமையாயிருப்பினும் தொண்டரை இழப்பதில்லை.

பயிற்றுநருக்கும் நடுவருக்கும் ஒரு கழகம் அளித்த மதிப்பை அறிவதற்குக் கேடயங்களை எண்ணவேண்டுவதில்லை. அடுத்த சனிக்கிழமை விடியலில், பனி உலராத புல்லின்மேல், அவர்கள் மீண்டும் வந்து நிற்கின்றனரா என்று நோக்கினாற் போதும்.